சிவப்புத் துணி கட்டிய பம்பர்

முடி கருகும் நாற்றம் வந்தது.

கோகுலன் சூட்டுக்கோலைச் சட்டென்று மேலே தூக்கினான். முதலில் தன் கையைப் பார்த்தான், பிறகு புருவத்தைத் தடவிப் பார்த்தான். எதுவும் கருகவில்லை. மடியில் கவிழ்ந்து கிடந்த பம்பரின் வெடிப்பில் அவன் உருக்கி ஊற்றிய கறுப்புப் பிளாஸ்டிக் இன்னும் இளகித்தான் கிடந்தது. அதிலிருந்து மெல்லிசாகப் புகை எழுந்தது. குனிந்து மோந்தான். நாற்றம் அங்கிருந்துதான் வந்தது.

இது நடக்கக்கூடாத காரியம். ஜெலுத்தோங்கில் வரிசை வீடு ஒன்றின் முன்வாசலையே பட்டறையாக்கிக்கொண்டு, உடைந்த பம்பர்களை ஒட்டிப் பிழைக்கிறவன் அவன். அந்தத் தொழிலில் கண்ணைவிட மூக்குக்குத்தான் வேலை அதிகம். பம்பர் பிளாஸ்டிக் உருகினால் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்த வாசம் வரும். நைலான் உருகினால்தான் முடி கருகுவதுபோல் நாறும். ஓரத்தில் துளி சுட்டு மோந்தாலே இது இன்ன வகை என்று சொல்லிவிடுவான்; தன் மூக்கைப் பற்றி அவனுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. வெடிப்பில் உருக்கி ஊற்றக் கையில் வைத்திருந்த பட்டை, ஒரு பழைய பம்பரிலிருந்து அவனே அறுத்து எடுத்தது. பம்பர் பிளாஸ்டிக்தான், ஐயமே இல்லை. பின் ஏன் இந்த நாற்றம்?

"முடிஞ்சிச்சாங்க?"

உள்ளேயிருந்து குமுதா வந்தாள். பட்டுச் சேலை கட்டி, தலைக்குப் பூ வைத்து, வளையல் தட்டைக் கையில் ஏந்தியபடி. மலைக்கு அந்தப் பக்கம் பாலிக் புலாவில் அவள் தங்கைக்கு வளைகாப்பு. நேற்று, தான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் தூணில் கொண்டுபோய்க் காரை முட்டியவள் அவள்தான். முன் பம்பர் நடுவில் ஒரு முழத்துக்கு வெடித்துவிட்டது. ஊரார் பம்பரையெல்லாம் ஒட்டுகிறவன் வீட்டுக் கார் வெடித்த வாயோடு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் நன்றாகவா இருக்கும்? அதனால்தான் காலையிலிருந்து இந்த அவசர வேலை.

"கிரே பெயின்ட்தான் அடிக்க நேரம் இருக்கு. காடி கலர் அடிக்க முடியாது. பரவாயில்லையா?"

"நான் என்ன காடி கண்காட்சிக்கா போறேன்? ஓடுனா போதும்லா. மழைக்கு முன்னாடி மலையேறணும்."

"முடி கருகுற மாதிரி வாசம் வருது, ஒனக்கு வருதா?"

"உங்க மீசையா இருக்கும்."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்துவைத்தான். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். மிச்ச வெடிப்பையும் அதே பட்டையை உருக்கி நிரப்பினான். கையைச் சிவப்புத் துணியில் துடைத்துக்கொண்டு, தேய்த்து, சாம்பல் நிறம் அடித்து, உலரவிட்டு, பம்பரைக் காருக்குத் தூக்கிப் போனான்.

கார் முகத்தை வீட்டுப் பக்கம் வைத்து நின்றிருந்தது. அதன் எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து, பம்பரைப் பொருத்திக் கடைசித் திருகை முறுக்கிக்கொண்டிருந்தான். பம்பர் அவன் நெஞ்சில் வந்து பட்டது.

பட்டது என்றால் இடிக்கவில்லை. யாரோ நெருக்கமாக வந்து நிற்பதுபோல மெதுவாக வந்து தொட்டு, தொட்ட இடத்திலேயே இருந்தது. கோகுலன் பின்னால் நகர்ந்தான். முதுகு வீட்டுச் சுவரில் இடித்தது. எழுந்து பார்த்தபோது ஹேண்ட்பிரேக் போட்டுத்தான் இருந்தது. தான்தான் முன்னால் சாய்ந்திருக்க வேண்டும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். ஆனால் ஒரு விஷயம் அவன் மனத்தில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. முன்வாசல் சிமெண்டுத் தரை, மழைத் தண்ணீர் வடிய, கேட்டைப் பார்த்துச் சரிந்திருக்கிறது. அந்தக் கார் உருண்டால் பின்னால்தான் உருள வேண்டும். மேட்டில் ஏறி வீட்டுப் பக்கம் எப்படி வரும்?

யோசித்து முடிப்பதற்குள் குமுதா காரை வெளியே எடுத்துவிட்டாள்.

மத்தியானம் வெயில் மங்கி, வானம் பச்சைக் கறுப்பாய்த் திரண்டு, காற்று ஒரு சொட்டுக்கூட இல்லாமல் நின்றது. எதிர்வீட்டு மாமரத்தில் இலை அசையவில்லை. சாக்கடையின் ஈர வாடை மேலேறி வந்தது. கோகுலன் சோற்றைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சீனி முகம்மது பாய். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருப்பவர். அவருடைய வேன் பம்பரை முந்தாநாள்தான் கோகுலன் ஒட்டிக் கொடுத்திருந்தான்.

"கோகுலன், கடைக்குப் பின்னாடி சந்துல வேன் தானா போயிருச்சு. தட்டு கழுவுற சுலைமானச் செவத்தோட வச்சு அமுக்கிருச்சு. இடுப்பெலும்பு போச்சுன்னு ஆஸ்பத்திரியில சொல்றாங்க."

"ஹேண்ட்பிரேக் போடலையா பாய்?"

"நான்தான் போட்டேன். சாவி என் சட்டப்பையில இருக்கு. எஞ்சின் ஓடல. சந்து மேடும் இல்ல, பள்ளமும் இல்ல. அஞ்சு பேர் சேந்து பின்னாடி இழுத்தோம், அசையல. அப்புறம் அதுவா விட்டுச்சு."

பின்னணியில் யாரோ அழுவது கேட்டது.

"நான் ஒன்னு கேக்கத்தான் கூப்டேன். நீ ஒட்டுன எடத்துல முடி இருக்கு. நீளமா, கறுப்பா. இழுத்தா வரல. சுலைமானுக்கு மொட்டத் தலை. நீ அதுக்குள்ள என்ன வச்சு ஒட்டுன?"

பார்க்கிறேன் பாய் என்று மட்டும் சொல்லிக் கோகுலன் போனை வைத்தான். பாயின் வேனுக்கு ஊற்றியதும் அதே பட்டைதான். அதே பழைய பம்பரிலிருந்து அறுத்தது.

அந்தப் பழைய பம்பர் பட்டர்வொர்த்தில் ஹைதரின் கிடங்கிலிருந்து வந்தது. ஹைதர் விபத்துக் கார்களை வாங்கிப் பிரித்து விற்பவன். போன வெள்ளிக்கிழமை கோகுலன் போனபோது அவன் தொழுகைக்குப் போயிருந்தான். பழகிய இடம், கேட்க வேண்டியதில்லை. சுவரோரம் தனியாகச் சாய்ந்திருந்த ஒரு பம்பரைத் தூக்கிப் பின்பெட்டியில் போட்டான். அதன் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த முனையில் ஏற்கெனவே ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது. நீளமான சாமான் ஏற்றினால் பின்னால் வருகிறவனுக்குத் தெரிய எல்லாரும் கட்டுவதுதான். பரவாயில்லையே, நமக்கு வேலை மிச்சம் என்று நினைத்துப் கடல்மேல் போகும் பாலத்தில் ஏறி வீடு வந்து சேர்ந்தான்.

ஹைதருக்குப் போன் போட்டான்.

"ஹைதர், போன வெள்ளிக்கிழமை ஒரு பம்பர் எடுத்தேன்லா. அது எந்தக் காடியோடது?"

"எந்த பம்பர்ணே?"

"செவத்தோரம் தனியா இருந்துச்சு. சிவப்புத் துணி கட்டி."

மறுமுனையில் இரும்பை இரும்பால் தட்டும் சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டது.

"அண்ணே, அத ஏன் எடுத்தீங்க? துணி கட்டினத நாங்க விக்க மாட்டோம்ணே. ஆள் செத்த காடியில, ஆள் மேல பட்ட சாமானுக்குத்தான் துணி கட்டுவோம். நசுக்குறதுக்குப் போயிரும். எங்க வாப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

"யாரு செத்தது?"

"ஒரு பொம்பள. தனியா இருந்தவங்க. வேல முடிஞ்சு வந்து, வீட்டு கேட்டத் தெறக்க எறங்கியிருக்காங்க. நல்ல மழை. காடி மெதுவா உருண்டு வந்து கேட்டோட வச்சு அமுக்கிருச்சு. மெதுவாண்ணே. மழை விட்ட பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரங்க பாத்தாங்க. நின்னபடியே இருந்தாங்களாம்." ஹைதர் தொண்டையைச் செருமினான். "முடி பம்பர் வெடிப்புல சிக்கியிருந்துச்சு. கத்தரிச்சுத்தான் எடுத்தாங்க. நான் இதெல்லாம் பெருசா நம்புறவன் இல்லண்ணே. ஆனா அத வீட்டுல வைக்காதீங்க. ஒட்டிட்டீங்களா?"

"ரெண்டு காடில ஒட்டிட்டேன்."

"யாரோடது?"

கோகுலன் போனை வைத்துவிட்டான். குமுதா என்று வாய்விட்டுச் சொல்ல அவனுக்குத் துணிவில்லை.

அவளைக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. வளைகாப்புச் சத்தத்தில் கேட்டிருக்காது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். அந்தப் பழமொழியைச் சொல்லித்தான் எத்தனையோ பேரைக் கிண்டல் செய்திருக்கிறான். இன்று அது வாய்க்குள்ளேயே செத்தது. அவன் கண்முன் நின்றது பேய்கூட இல்லை. கேட்டைத் திறக்க இறங்கும் குமுதாதான். தினமும் அவள் அப்படித்தான் வருவாள். காரைத் தெருவில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, முன்விளக்கு வெளிச்சத்தில் நடந்து போய், காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தாழ்ப்பாளை நீக்குவாள். தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கம். அவளுக்கு நேரமெடுக்கும். எண்ணெய் போடுங்கள் என்று எத்தனை முறை கேட்டிருக்கிறாள்.

மழை பிடித்துக்கொண்டது. முதலில் பெரிய பெரிய சொட்டாக, பிறகு ஒரே இரைச்சலாக. போன் அடித்தது.

"ஏங்க, கூப்ட்டிருந்தீங்க? கெளம்பிட்டேன், மலைப்பாதையில எறங்கிட்டிருக்கேன்."

"குமுதா, நான் சொல்றதக் கேளு. எங்கயும் எறங்காத. காடிக்கு முன்னாடி நிக்காத. கேட்ட நான் தெறந்து வைக்கிறேன்."

"என்னது? மழை சத்தம், ஒன்னும் கேக்கல—"

தொடர்பு அறுந்தது.

கோகுலன் குடைகூட எடுக்காமல் ஓடிப்போய் கேட்டை இரண்டு பக்கமும் அகலத் திறந்தான். காற்று மூடிவிடாதபடி கதவுக்கொரு செங்கல் முட்டுக் கொடுத்தான். முன்வாசலில் இரண்டு கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் நீளம் இருந்தது. வீட்டை ஒட்டிய பாதிக்குக் கூரை, கேட்டை ஒட்டிய பாதி திறந்தவெளி. கூரையின் கீழே நின்று தெருவைப் பார்த்தான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பள்ளிவாசலின் பாங்கொலி மழைக்குள் கரைந்து கரைந்து வந்தது. ஒரு கார் விளக்கு தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் ஓரடி முன்னால் வந்தான். அது கடந்து போகும். இன்னொன்று வரும். அதுவும் போகும். மலைப்பாதையில் எங்காவது மரம் விழுந்து, அவள் என்ன ஏதென்று பார்க்கக் காரைவிட்டு இறங்கியிருந்தால்? அந்த நினைப்பை மேலே நினைக்க அவனால் முடியவில்லை. கும்பிடும் சாமியையெல்லாம் கூப்பிட்டான்.

ஒரு விளக்கு வேகம் குறைந்தது. திரும்பியது.

குமுதா நேரே உள்ளே ஓட்டி வந்து கூரையின் கீழே நிறுத்தினாள். கார் முகம் வீட்டுப் பக்கம். அவள் இறங்குவதற்குள் கோகுலன் நான்கு சக்கரங்களுக்கும் கல் வைத்துவிட்டான். அவளைக் கையைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தான்.

"என்னாச்சு ஒங்களுக்கு? கேட்ட அகலத் தெறந்து வச்சு, ராஜா வீட்டு வரவேற்பு மாதிரி."

அவள் கையில் வளைகாப்பு வீட்டில் போட்ட கண்ணாடி வளையல்கள் முழங்கை வரை குலுங்கின. முகத்தில் களைப்பும் சந்தோஷமும். கோகுலனுக்கு அவளை அங்கேயே கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலிருந்தது. சொன்னால் சிரிப்பாள் என்று தோன்றியது. சிரித்துவிட்டு மீசையைப் பற்றி ஏதாவது சொல்வாள்.

"பம்பர் சரியா ஒட்டல. இப்பவே கழட்டப் போறேன். நீ உள்ள போ. காடிக்கு முன்னாடி மட்டும் வராத."

"இந்த மழையிலயா? சாப்ட்டீங்களா?"

"போ குமுதா. அப்புறம் சொல்றேன்."

அவள் தட்டோடு உள்ளே போனாள். அடுக்களை விளக்கு எரிந்தது.

கோகுலன் காரின் பக்கவாட்டில் படுத்துக்கொண்டான். எதிரே போகவில்லை. கையை மட்டும் நீட்டித் திருகுகளைக் கழற்றினான். டார்ச் வெளிச்சத்தில் ஒட்டிய இடம் தெரிந்தது. சாம்பல் பூச்சு நீளவாக்கில் பிளந்திருந்தது. பிளவுக்குள்ளிருந்து ஒரு முடி தொங்கியது. மழையில் நனைந்து, பூச்சின்மேல் ஒட்டிக்கொண்டு.

விரலில் சுற்றி இழுத்தான். வந்தது. இன்னும் வந்தது. அவன் முழங்கை நீளத்தையும் தாண்டி வந்தது. பிறகு நின்றது.

பிறகு உள்ளே இழுத்தது.

விரலை உதறினான். மூச்சு வாங்கியது. மிச்சத் திருகு. பக்கக் கொக்கி. இன்னொரு கொக்கி. சடக்கென்று பம்பர் கழன்று கையோடு வந்தது.

எடை இல்லை. எப்போதும்போல ஒரு கையால் தூக்கிவிடலாம். பாயின் கடையில் அஞ்சு பேர் இழுத்தும் அசையாதது வேன். இது வெறும் ஓடு. காரில் இருந்தால்தானே உருளும், அமுக்கும்? கோகுலனுக்குப் பயம் விட்டு, அழுகை மாதிரி ஒரு சிரிப்பு வந்தது. திறந்தவெளிக்குக் கொண்டுபோய், கேட்டுக்கு அருகே பக்கச் சுவரில் அதைச் சாய்த்து வைத்தான். ஒட்டிய இடத்தை அறுத்தெடுத்துத் துண்டு துண்டாக்கி எறிந்துவிட வேண்டும். ரம்பம் வீட்டுக்குப் பின்னால் கிடந்தது. வீட்டு வழியே பின்கட்டுக்குப் போனான்.

பின்கட்டில் விளக்கு எரியவில்லை. தகரத்தின்மேல் மழை அடித்தது. கையால் துழாவினான். பெயின்ட் டப்பா. கயிறு. பழைய செருப்பு. ரம்பத்தின் பல் விரலில் கீறியது. எடுத்தான்.

அப்போது முன்பக்கம் செங்கல் உருளும் சத்தம் கேட்டது. காலால் தள்ளிய சத்தம்.

"கேட்டத் தெறந்து போட்டுட்டு எங்க போனாரு இந்த மனுஷன். தெரு நாயெல்லாம் உள்ள வருதுலா."

குமுதாவின் குரல்.

"குமுதா, வேணாம்." அவன் குரல் மழையைத் தாண்டவில்லை. கூடத்தில் ஓடினான். ஈரக்கால் வழுக்கியது. சுவரில் மோதினான். எழுந்தான். கேட்டின் கீல் கிறீச்சிட்டது. ஒரு கதவு. இன்னொரு கதவு. தாழ்ப்பாள் விழுந்தது.

பிறகு கண்ணாடி வளையல்கள் உடையும் சத்தம். ஒன்றாக இல்லை. ஒவ்வொன்றாக.

வெளியே வந்தான்.

குமுதா மூடிய கேட்டில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தாள். அவள் இடுப்புக்குக் குறுக்கே பம்பர். அதைத் தாங்க எதுவும் இல்லை. தரையில் படவில்லை. சுவரில் படவில்லை. அவள் மேல் மட்டும் பட்டுக்கொண்டு நின்றது. இரண்டு கைகளையும் அதன்மேல் ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு இல்லை.

கோகுலன் பாய்ந்து பம்பரின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தான். பிளாஸ்டிக் வளைந்தது. எந்தப் பம்பரும் வளைவதுபோல இளக்கமாக, லேசாக. நடுப்பகுதி மட்டும் அசையவில்லை. காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு இழுத்தான். நகம் பெயர்ந்தது. அசையவில்லை. ஒட்டிய இடத்துக்கு நேராக ரம்பத்தை வைத்து அறுத்தான். பல் இறங்கவே இல்லை. குமுதாவின் முதுகுக்குப் பின்னால் கேட்டின் இரும்புக் கம்பிகள் தெருப்பக்கமாக முனகி வளைய ஆரம்பித்தன.

அவள் அவனைப் பார்த்தாள். உதடு அசைந்தது. காதைக் கொண்டுபோய் வைத்தான்.

"ஏங்க," என்றாள். "காடிய பின்னாடி எடுங்க."

அவன் திரும்பிப் பார்த்தான். அவர்கள் கார் அந்தப் பக்கம் கூரையின் கீழே, முன்பகுதி பிடுங்கப்பட்டு, வீட்டைப் பார்த்தபடி, நான்கு கல்லோடும் அசையாமல் நின்றது. அதற்கும் பம்பருக்கும் நடுவில் திறந்த தரை. தரை முழுக்க மழை அடித்துத் தெறித்துக்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் மட்டும் தெறிக்கவில்லை. பம்பரிலிருந்து பின்னால் ஒரு காரின் நீளம், ஒரு காரின் அகலம், அவ்வளவு இடத்தில் மட்டும் தரையில் படர்ந்த தண்ணீர் சிறு அலைகூட இல்லாமல் கிடந்தது. அதற்கு மேலே, அவன் இடுப்பு உயரத்தில், மழைச் சொட்டுகள் காற்றில் எதன் மேலோ பட்டுப் பட்டு வழிந்தன.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த அசையாத தண்ணீர் கேட்டை நோக்கி ஒரு விரற்கடை முன்னால் வந்தது.